தேராவிலிருந்து ஊருக்குப் போன மாத்திரை

யாழ்ப்பாணத்துச் சிவரூபிக்கு மருந்துச் சோதனைகளைக் கண்காணிக்கும் வேலை கிடைப்பதற்குள், அவளோடு ஒரே ரூமில் இருக்கும் எனக்கே வெறுத்துவிட்டது. துபாயில் எந்தக் கம்பெனியிலும் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும், வானத்திலிருந்தா? கடைசியில் ஒரு கம்பெனி புரபேஷனில் எடுத்தது. முதல் ரிப்போர்ட் சரியாக இருந்தால் வேலை உறுதி. இல்லாவிட்டால் பழையபடி பார்மசி கவுண்டர்தான்.

அந்த முதல் ரிப்போர்ட்டில்தான் மீராசா வந்து விழுந்தார். துபாய் தேரா கடைத்தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர். ஓர் ஆஸ்பத்திரியில் நடந்த புதுச் சர்க்கரை மாத்திரைச் சோதனையில் சேர்ந்திருந்தார். காலி பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அவர் பாட்டில் மட்டும் ஒவ்வொரு முறையும் 'தொலைந்துவிட்டது'. நர்ஸ் ஜொஹராவும் அப்படியே எழுதி வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு முறையும் துலையுமோ? ஒருக்கா அவருக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கோ," என்றாள் சிவரூபி.

ஜொஹரா ஸ்பீக்கரில் போட்டாள். மீராசா எதையும் மறைக்கவில்லை.

"பாட்டில் ஊர்ல இருக்கும்மா. எங்க உம்மாவுக்கும் சக்கரைதான். லீவுல போற ஆளுங்க கையில குடுத்து வுட்டுடுவேன். ஓசியில வந்த ஃபாரின் மருந்து, அத நானா முழுங்குறது? எனக்குக் கடையில வெந்தயம் கெடக்கு."

சிவரூபி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாட்டிலில் இருப்பது மருந்தா வெறும் மாவா என்பது டாக்டருக்கே தெரியாது. சோதனை முறை அப்படி. உம்மாவுக்கோ கால் எரிச்சலே போய்விட்டதாம்!

"விடுங்க, பாவம். தொலஞ்சுதுன்னே இருக்கட்டும்," என்றாள் ஜொஹரா. உண்மையை எழுதினால் உன் மேனேஜரிடம் புகார் செய்வேன் என்று, தன் சோதனைக்குக் கெட்ட பெயர் வருமென்று பயந்த டாக்டர் வேறு மிரட்டினார். சிவரூபி ரூமுக்கு வந்து அழுதாள். ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். எங்கேயோ ஒரு வயதான மனுஷி இன்னதென்று தெரியாததை விழுங்கிக்கொண்டிருக்க, எப்படிப் பொய்க்குக் கையெழுத்துப் போடுவது?

மீராசாவைச் சோதனையிலிருந்து நீக்கினார்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்கு உம்மா மகனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டு, இனி ராஸ் அல் கைமா ஆஸ்பத்திரிச் சோதனையைப் பார்க்கத் தனியாகவே போகலாம் என்றார். வேலை உறுதி! அன்றே சிவரூபி அம்மாவுக்கு ஃபோன் செய்து, பெயரை மட்டும் விட்டுவிட்டு முழுக் கதையையும் சொன்னாள்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்த மனுசிக்குக் கால் எரிவு நிண்டது உண்மைதானே பிள்ளை?"

"அம்மா!"

"கத்தாதை. எனக்கும் கால் எரியுது. கந்தையா அண்ணை லீவில வாறாராம். அவரிட்ட ஒரு போத்தல் குடுத்து விடு."