ஹட்டன் கடையிலிருந்து கூப்பிட்டார்களா

நான் கோயில் மேட்டுக்கு ஏறாமல் இருந்த அந்த நாட்களில் ஹட்டன் துணிக்கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்களா, இல்லையா? பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். இன்னும் எனக்கு இதற்குப் பதில் தெரியாது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா கொழுந்து பறிக்கப் போவார். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை, மாதம் ஒரு முறைதான் வருவார். உயர்தரம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அப்பா அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. செலவுக்கு வழி இல்லை என்றார். கொழும்பில் தெரிந்த ஓர் அக்கா மூலம் தையல் தொழிற்சாலையில் எனக்கு இடமும் பேசி வைத்துவிட்டார்.

"பொங்கலுக்கு வருவேன். திரும்பிப் போறப்ப நீயும் வா. அதுக்குள்ள ஹட்டன்ல சனி ஞாயிறு வேலை ஏதாவது கெடச்சா, இங்கயே இருந்து படி. நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அப்பா அதைக் கோபமாகச் சொல்லவில்லை என்பதால் எனக்கு அது பெரிய வாக்குறுதியாகப் பட்டது. அடுத்த சனிக்கிழமையே அம்மாவை இழுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

கடைத்தெருவில் ஏறி இறங்கி நான்கைந்து கடைகளில் கேட்டோம். ஒரே ஒரு துணிக்கடையில்தான் உட்காரச் சொன்னார்கள். முதலாளி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கல்லாவில் இருந்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவிடமே கேட்டார்.

"பிள்ளைக்குச் சிங்களம் வருமாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான், "கொஞ்சம் வருங்க" என்றேன்.

"கொஞ்சம்னா? சாமான் விக்கிற அளவுக்கா, பஸ்ஸுல டிக்கெட் எடுக்குற அளவுக்கா?"

கடையில் நின்ற இரண்டு விற்பனைப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. உண்மையில் எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். எங்கள் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் சிங்கள நோனாவிடம் லயத்துப் பெண்களுக்காகப் பேசுவது நான்தான். ஆனால் பெரியவர் முன்னால் "நல்லா வரும்" என்று சொன்னால் தலைக்கனம் போலத் தெரியுமோ என்று நினைத்தேன். "விக்கிற அளவுக்கு வருங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ.

"சரி. நம்பரக் குடுத்துட்டுப் போங்க. பொங்கலுக்கு முந்தி ஆள் எடுப்போம். பகல்ல கூப்புடுவேன், எடுத்துப் பேசணும்."

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பட்டன் போன். அன்றிலிருந்து அம்மா அதை மலைக்குக் கொண்டு போகாமல் என்னிடம் விட்டுப் போனார்.

லயத்துக்குள் சிக்னல் கிடையாது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வைத்தால் போன் வெறும் மணிக்கூடுதான். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் மேட்டில், படியேறி உள்ளே போனால் மணி தொங்கும் தூணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டை மதில் இருந்தது. அந்த மதிலில்தான் சிக்னல் விழும். கொழும்பில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், வெளிநாட்டில் மனைவி இருக்கிறவர்கள் எல்லாரும் சாயங்காலம் அங்கே வந்து உட்காருவார்கள். பகலில் யாரும் இருக்கமாட்டார்கள்.

காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் போன பிறகு லயம் எப்படி இருக்கும் என்று அங்கே பகலில் தங்கியவர்களுக்குத்தான் தெரியும். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போன குழந்தைகளின் அழுகை கொஞ்ச நேரம் கேட்டு, பிறகு அதுவும் அடங்கிவிடும். என்னோடு பரீட்சை எழுதிய மூன்று பேரில் ஒருத்தி கொழும்புக்குப் போய்விட்டாள். ஒருத்திக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், அவளை வெளியே விடவில்லை. இன்னொருத்தி டயகமவில் மாமா வீட்டுக்குப் போனவள் வரவே இல்லை. நான் சமைத்து வைத்துவிட்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, போனோடு மேட்டுக்கு ஏறுவேன். மதிலில் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். மூட்டம் கீழே இருந்து ஏறி வந்து கோயிலை மூடும். எனக்குப் பின்னால் அம்மன் இருக்கிற இடம்கூடத் தெரியாது. போனின் வெளிச்சம் அணைந்துவிட்டால் கெட்டுப்போய்விட்டதோ என்று பொத்தானை அமுக்கிப் பார்ப்பேன். அடிக்கடி அமுக்கினால் பேட்டரி இறங்கிவிடுமே என்று பிறகு பயப்படுவேன்.

பக்கத்துக் காம்பரா அத்தை ஒரு நாள் காய்ச்சலென்று வேலைக்குப் போகவில்லை. விளக்கு வைக்க மேலே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னடி, நேத்தும் இங்கதான் இருந்தியாம். சாமிக்கா போன் பண்ணுற?"

"இல்ல அத்தை. கடையில இருந்து கூப்புடுறேன்னாங்க."

"கூப்புடுவாங்க, கூப்புடுவாங்க. எங்க வீட்டு ஆளுகூட நாளைக்கு வர்றேன்னுதான் திருப்பூருக்குப் போனாரு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய புருஷன் போய் எத்தனை வருடம் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது வாரம் தொடங்கியபோது எனக்கு மாதவிலக்கு வந்தது. அந்த நாட்களில் எங்கள் தோட்டத்தில் பெண்கள் கோயில் படியை மிதிக்கமாட்டார்கள். யாரும் காவல் நிற்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. அவரவர் தாமாக விலகியிருப்பதுதான் வழக்கம். முதல் நாள் காலையில் கையில் போனோடு படிக்குக் கீழே நின்றேன். மேலே யாரும் இல்லை. ஏறி மதிலில் உட்கார்ந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. போனை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

சிக்னல் வரும் வேறு இடங்களும் இருந்தன. மேல் மலைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரும் என்பார்கள். ஆனால் அங்கே சிறுத்தை நாயைத் தூக்கிக்கொண்டு போன பேச்சு அடங்கியிருக்கவில்லை. பஸ் வரும் பெரிய ரோட்டில் வந்து வந்து போகும். அங்கே ஒரு பகல் நின்று பார்த்தேன். போகிற வருகிற முச்சக்கர வண்டியெல்லாம் நிறுத்தி, "எங்க தங்கச்சி போகணும்?" என்று கேட்டதும் பயந்து வந்துவிட்டேன். பக்கத்துக் காம்பரா அத்தை அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். வேறு யாரிடமாவது போனைக் கொடுத்து மேலே இருக்கச் சொல்ல, லயத்தில் பகலில் ஆள் இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் போனை வாங்கிக்கொண்டு மேலே போனார். இருட்டிய பிறகு வந்தார்.

"வந்துச்சாம்மா?"

"போன் ஒண்ணும் வரல. அட்டைதான் வந்துச்சு" என்று காலைக் காட்டினார்.

தினமும் சாயங்காலம் அப்படிப் போய் வந்தார். ஆனால் முதலாளி பகலில் கூப்பிடுவதாகத்தானே சொல்லியிருந்தார். இப்போதெல்லாம் போன் நின்றிருந்த நேரத்தில் யார் கூப்பிட்டார்கள் என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. எங்கள் பழைய போனுக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை.

தலைக்குக் குளித்த அன்றே ஓடிப்போய் மதிலில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. அப்பா ஒரு முறை கூப்பிட்டார். யாரோ சிங்களத்தில் ஒரு லொறிக்காரரைத் தேடிக் கூப்பிட்டார். நான் அவரிடம் தேவைக்கு மேல் பேசினேன். தவறான நம்பர் என்று சொல்லிவிட்டு, யாரைத் தேடுகிறீர்கள், எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டேன். அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் ஆள் அவர்தான். "ஹரி நங்கி, ஹரி" என்று, சரி தங்கச்சி சரி என்பதுபோல் இரண்டு தரம் சொல்லி வைத்துவிட்டார்.

பொங்கல் சாமான் வாங்க அம்மாவோடு ஹட்டனுக்குப் போனபோது, கடைக்குள் போய்க் கேட்போம் என்று அம்மாதான் சொன்னார். எனக்குக் கால் வரவில்லை. போனோம். உள்ளே என் வயதில் ஒரு பிள்ளை புதிதாக நின்று சட்டைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். கல்லாவில் இருந்த வயதான விற்பனையாளரிடம் அம்மா கேட்டார்.

"ஆள் போட்டாச்சும்மா" என்றார் அவர்.

"நம்பர் குடுத்துட்டுப் போனோமுங்க. எங்களுக்குக் கூப்புடலையே."

"ஒங்களுக்குப் போன் எடுத்தாரோ இல்லயோ, எனக்குத் தெரியாது. ரெண்டு மூணு பிள்ளைங்களுக்கு மொதலாளி எடுத்தாரு. ஒண்ணு ரெண்டு நம்பர் வேலை செய்யல. தோட்டத்து நம்பரெல்லாம் அப்படித்தானேம்மா."

கடையில் நல்ல கூட்டம். அவர் வேறு ஆளுக்குப் பில் போடத் திரும்பிவிட்டார். முதலாளி எப்போது வருவார் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாடிக்கையாளர் என்று நினைத்திருப்பாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கரும்பை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். லிந்துலையைத் தாண்டும்போது சொன்னார்.

"அந்த நாள்ல நான் வேலைக்குப் போகாம மேல போய் ஒக்காந்திருக்கணும். எனக்குப் புத்தி வரல."

"இல்லம்மா. அவரு எனக்குப் போன் எடுத்திருக்கவே மாட்டாரு. சிங்களம் கொஞ்சம்னு சொன்னப்பவே வேண்டாம்னு முடிவு பண்ணியிருப்பாரு."

"அப்படியா சொல்ற?"

"ஆமாம்மா."

அம்மா அதை நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பொங்கல் முடிந்து அப்பாவோடு நான் கொழும்புக்குப் போனேன். பரீட்சை முடிவு வந்தபோது விடுதியில் இருந்தேன். சித்தியடைந்திருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்களுக்கு டொபி வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன், நல்லது என்றார்கள். உயர்தரத்தைப் பல வருடம் கழித்து, தனியாகப் படித்து எழுதினேன். இப்போது ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறேன். வாழ்க்கை கெட்டுப்போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் படியேறி உட்கார்ந்திருந்தால் அம்மன் கோபித்திருப்பாளா என்று யோசித்தால், கோபித்திருக்கமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. அன்றைக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படியும் நான் ஏறவில்லை. ஏறியிருந்து, அழைப்பும் வராமல் போயிருந்தால், அதனால்தான் வரவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் கணவரின் தங்கை. அவளுக்கும் பதினாறு வயது. எங்களோடுதான் இருக்கிறாள். ஹட்டனில் ஒரு பேக்கரியில் சனி ஞாயிறு வேலைக்குக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னுடைய நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள். இப்போது நாங்கள் இருக்கும் தோட்டத்தில் வீட்டுக்குள்ளேயே சிக்னல் வருகிறது. அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் சொன்ன வாரம் கடந்துவிட்டது, அழைப்பு வரவில்லை. நான் முன்பள்ளியிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள். கேட்கமாட்டாள். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டுவதுபோல் போனைத் தொட்டுப் பார்க்கிறாள்.

நேற்றுத்தான் வாய் திறந்தாள்.

"அண்ணி, நானே நேர்ல போய்க் கேக்கவா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் குசினியில் சமைத்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"வேணும்னா அவங்க கூப்புடுவாங்க. பொம்பளப்புள்ள கடைகடையா போய் நிக்கிறதா? நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். மாமியாரை எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். போய்க் கேட்டால் அவசரக்காரி என்று பேக்கரிக்காரர் வெறுத்துவிடலாம். நானும் கூடப் போகலாம் என்றால், கைப்பிள்ளையோடு போய் நிற்பது இரக்கம் தேடுவதுபோல் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போகாமல் விட்டு, அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டால், நான் அம்மாவிடம் சொன்னதுபோல் இவளும் பஸ்ஸில் என்னிடம் அப்படியொரு பொய்யைச் சொல்லிக்கொண்டு வருவாளோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

வாசிக்கிறவர்களில் கடை நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். இந்த வயதில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய தாய்மாரும் இருப்பீர்கள். சொன்ன நாள் கடந்த பிறகு ஒரு பிள்ளை நேரில் வந்து கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவளைத் தனியாக அனுப்பலாமா, நான் கூடப் போகலாமா, இல்லை முதலில் போனில் கேட்பதுதான் மரியாதையா? மாமியார் மனம் நோகாமல் இதை எப்படிச் செய்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வரும் சனிக்கிழமைக்கு முன் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.