நெத்திலி விலை கேட்பதுபோல டாக்டரிடம் கேட்டேன்

1. தொண்டை அடைத்த சனிக்கிழமை

மலாக்கா ஆயர் குரோ இரவுச் சந்தையில் ஒரு சனிக்கிழமை என் குரல் நின்றுவிட்டது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார் நிறுத்தும்போதே என் சத்தத்தைக் கேட்டு, நான் எந்த வரிசையில் இருக்கிறேன் என்று கண்டுபிடித்து வருகிற வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. மைக் வைத்து வியாபாரம் செய்பவர்களே என் பக்கத்து இடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு கூடை கருவாட்டில் ஆரம்பித்து, இன்று நெத்திலி, கருவாடு, காய்ந்த இறால் என்று வேன் நிறைய ஏற்றுகிறேன் என்றால், அது இந்தத் தொண்டை போட்ட சோறு.

சில மாதமாகவே கரகரப்பு இருந்தது. கத்துகிறவனுக்குத் தொண்டை கட்டத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி பார்வதிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மூக்கு வழியாகக் கேமரா விட்டார்கள், கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். குரல்வளையில் புற்றுநோய்.

டாக்டரம்மா நம்ம தமிழ்ப் பிள்ளைதான். நிதானமாகச் சொன்னார். "அங்கிள், ஆபரேஷன் பண்ணி குரல்வளையை முழுசா எடுக்கிறதுதான் உங்களுக்கு நல்லதுன்னு எங்க டீம் நினைக்குது. அதுக்கப்புறம் ரேடியேஷன்."

"பிழைப்பேனா? நம்பர் சொல்லுங்க."

சொன்னார். நூறு பேரில் இத்தனை பேர், ஐந்து வருஷம் கழித்து. எனக்கு அந்த நம்பர் பிடிக்கவில்லை. குரலையும் எடுத்துக்கொண்டு, இந்த நம்பரா?

2. அடுத்த கடை

விலை பிடிக்காவிட்டால் வியாபாரி என்ன செய்வான்? அடுத்த கடைக்குப் போவான். நானும் பிரைவேட்டில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனேன், தனியாக.

ஸ்கேனை எடுத்துப் போகவில்லை. மறந்துபோய் அல்ல. உம்பாய் மீன்பிடித் துறையில் மொத்தச் சரக்கு எடுக்கும்போது முதல் கடைக்காரன் பில்லை இரண்டாவது கடைக்காரனிடம் காட்ட மாட்டேன். காட்டினால் அதைப் பார்த்துத்தான் அவன் விலை சொல்வான். இந்தச் சூட்சுமத்தில் மலாக்காவில் என்னை ஜெயித்தவன் இல்லை.

அந்த டாக்டர் கேமரா விடணும், ஸ்கேன் பார்க்கணும் என்றார். "பொதுவா எப்படி, அதச் சொல்லுங்க டாக்டர்" என்று விடாமல் பிடித்தேன். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ரேடியேஷன் மட்டும் போதும், குரல்வளையை எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லி ஒரு நம்பர் கொடுத்தார். பெரிய நம்பர். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.

3. பார்வதி கேட்டது

வீட்டுக்கு வந்து, "குரலும் இருக்கும், நம்பரும் அதிகம். அங்கேயே வைத்தியம் பாக்கலாம்" என்றேன். பார்வதி நெத்திலியில் தலையும் குடலும் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஸ்கேன் காட்டினீங்களா?"

"காட்டல. காட்டுனா அதப் பாத்து சொல்வாருலா."

"அப்புறம் எதப் பாத்து வெல சொன்னாரு? கிள்ளாத நெத்திலி வெலய போன்ல கேட்டுட்டு வந்து, கிள்ளுன நெத்திலிய அதே வெலக்கிக் குடுன்னு நிப்பாங்களே, அவங்கள நீங்க என்ன பேசுவீங்க?"

நான் என்ன பேசுவேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மறுவாரம் இரண்டு பேருமாக டாக்டரம்மாவிடம் போனோம். நடந்ததைப் பார்வதி ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ரெண்டு நம்பரும் உண்மைதான் அங்கிள். அவர் சொன்னது, கட்டி சின்னதா இருக்கிறவங்க கணக்கு. உங்க கட்டி குருத்தெலும்பைத் தாண்டி வெளிய வந்திருக்கு. உங்கள மாதிரி இருக்கிறவங்கள்ல, முதல்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க அதிகமா பிழைச்சிருக்காங்க. ரேடியேஷனும் கீமோவும் கொடுத்து குரல்வளையைக் காப்பாத்திப் பார்க்கலாம். ஆனா அது கெட்டுப்போன குரல்வளை. மூச்சுக்கும் விழுங்குறதுக்கும் கஷ்டம் வரலாம்."

"அந்த நூறு பேர்ல நான் எந்தப் பக்கம்?"

"அத நம்பர் சொல்லாது. அது முன்னாடி வைத்தியம் பாத்துக்கிட்டவங்க எல்லாரையும் சேத்துப் போட்ட கணக்கு. அதுல சிகரெட்ட விடாதவங்க இருப்பாங்க, பாதியில வராம போனவங்க இருப்பாங்க, வேற நோய் இருந்தவங்களும் இருப்பாங்க. உங்க இதயம், நுரையீரல் எல்லாம் நல்லா இருக்கு. சிகரெட்ட விடுங்க, நல்லா சாப்பிடுங்க, ஒரு அப்பாயிண்ட்மெண்டும் விடாதீங்க. உங்க கையில இருக்கிறது அது."

"குரல்?"

"இந்தக் குரல் திரும்பாது. தொண்டையில ஒரு சின்ன வால்வு வச்சு பேசப் பழகலாம். நிறைய பேர் பேசுறாங்க."

நான் பார்வதியைப் பார்த்தேன். "உங்க சத்தத்த போதும் போதும்னு கேட்டாச்சு. எனக்கு ஆள் வேணும்" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

4. முதல் வியாபாரம்

அன்றோடு சிகரெட்டை விட்டேன். ஒரே நாளில் விட்டேன் என்று டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்து வால்வு வைத்தார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. பேச வேண்டுமென்றால் அதைக் கட்டைவிரலால் மூட வேண்டும். ரேடியேஷன் நாள்களில் கஞ்சிகூட முள்ளாக இறங்கியது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நான் திரும்பக் கடைக்கு வந்தது புக்கிட் பெருவாங் சந்தையில். பார்வதி எடை போட்டாள், நான் பொட்டலம் கட்டினேன். பழைய வாடிக்கையாளர் ஒரு டீச்சர், என் கழுத்துத் துணியைப் பார்த்துத் தயங்கி, பார்வதியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, கொஞ்சம் குறைச்சுப் போடுங்கலா."

பார்வதி இரக்கப்பட்டுத் தலையாட்டப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"முடியாது. கிள்ளுன நெத்திலி."

தகர டின்னில் கல் உருண்டதுபோல ஒரு சத்தம். ஆனால் இரண்டு கடை தள்ளி இருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். டீச்சர் நாங்கள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, "அண்ணே மாறவே இல்ல" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், "உங்களுக்கு டாக்டர் சொன்ன நம்பர் என்ன அங்கிள்?" என்று கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். அது என் கட்டிக்கு, என் உடம்புக்குச் சொன்னது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஸ்கேனை எடுத்துப் போங்கள். நம்பர் சொன்னதும் எழுந்து வராமல், இது யாருடைய கணக்கு, எந்த வைத்தியத்துக்கு, பிழைப்பதற்கா குரலுக்கா என்று கேளுங்கள். கூடவே வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள், உங்களுக்குப் பயப்படாத ஆளாகப் பார்த்து.