இருபத்தெட்டு டிகிரி

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆவுடையப்பன் பையிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஓர் உலக உருண்டையை எடுக்கிறார். "இது டெல்லிங்க, இருபத்தெட்டாவது கோடு. நாம இங்கன இருக்கோம், பத்துல. ஒங்க பேனல டெல்லி வெயிலுக்கு மாட்டிட்டேன். செத்த நேரம் பொறுங்க, சரிபண்ணிட்டுப் போறேன்." ஒவ்வொரு தோட்டத்திலும் இதே பேச்சுதான். சொல்லி முடிக்கும்வரை விவசாயியின் முகத்தைப் பார்ப்பதில்லை.

நாகல் நகரில் என் வீட்டுக்கு எதிரே சோலார் கடை வைத்திருக்கிறார். டெல்லியில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த மிதப்பு அவருக்கு உண்டு. அங்கே குறித்துவந்த இருபத்தெட்டு டிகிரி சாய்வில் முப்பத்தொரு தோட்டங்களில் பேனல் மாட்டினார். கோணமானி வைத்துப் பார்ப்பார், இம்மி பிசகாது. தப்பை இத்தனை துல்லியமாகச் செய்த மனிதரை நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட மாடியில் வேலை. அங்கே சமூக அறிவியல் நடத்தும் சூர்யகலா, "எத்தன டிகிரிண்ணே வைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் பெருமையாகச் சொல்ல, டீச்சர் உருண்டையைக் கொண்டுவந்து அட்சக்கோடுகளைக் காட்டினார். ஊர் எத்தனையாவது கோட்டில் இருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சாய்த்தால் போதும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் உச்சந்தலையில் இறங்கும். இவருடைய பேனல்களோ தெற்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லையாம்.

முப்பது தோட்டங்களைச் சரிசெய்துவிட்டார். வடமதுரை சுந்தரம்மாள் தோட்டத்தை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டார். இந்தத் தப்பு தெரியவரும் முன்பு ஒருநாள், மூன்று கோடையாக மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, கத்தரி காய்ந்துபோனது என்று அந்த அம்மாள் கடைக்கே வந்து அழுதார். "கண்ணாடியத் தொடைக்காம போட்டு வச்சா எப்பிடி இழுக்கும்?" என்று நாலு பேர் முன்னால் வைதார் இவர். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். சிரித்தும் வைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

"தனியாப் போக முகமில்லண்ணே, கூட வாங்க" என்று நேற்று என்னை அழைத்துப் போனார். வண்டிச் சத்தம் கேட்டதுமே சுந்தரம்மாள் ஈரத்துணியோடு பேனலுக்கு ஓடினார்.

"காலையிலயே தொடச்சுட்டேன் அப்பு. தெனமும் தொடைக்கிறேன். வேணும்னா நீயே பாரு."

முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது கண்ணாடி. ஆவுடையப்பன் உருண்டையை எடுத்தார், கோட்டைத் தேடினார், திரும்பப் பைக்குள் போட்டார்.

"நீங்க நல்லாத்தான் தொடச்சிருக்கீங்க ஆத்தா. அம்புட்டுத் தப்பும் எம்மேலதான். கோணத்த நாந்தான் தப்பா வச்சுட்டேன்."

சுந்தரம்மாளுக்குப் புரிய நேரமாயிற்று. ஆவுடையப்பன் அவர் கையிலிருந்த அந்த ஈரத்துணியை வாங்கித் தன் முகத்தை மூடிக்கொண்டார்.