வெளுக்காத பதினான்காம் நம்பர்

சீசனின் முதல் சலவையன்று எங்கள் வீட்டுச் சாக்கடை நீலமாக ஓடும். புதுப் பருத்தித் துணியின் சாயமும் பார் சோப்பும் மைதானத்துச் செம்மண்ணும் பதினோரு பேரின் வியர்வையும் சேர்ந்து எழுப்பும் அந்த வாசனையை வேறு எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. ஈரப் பருத்தி எங்கே மூக்கில் பட்டாலும் நான் ஒன்பது வயதுப் பெண்ணாகி, ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்புறத் தெருவில், துவைகல் பக்கத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறேன்.

என் அப்பா எங்கள் பகுதிக் கால்பந்து அணியின் செயலாளர். அணிக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், எல்லோருக்கும் அது "நம்ம டீம்"தான். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரே துணிச்சுருளிலிருந்து பதினான்கு நீலச் சட்டைகளைத் தைத்துத் தருபவர் தையற்கடை கஃபூர் பாய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அத்தனையும் மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வரும், திங்களன்று அம்மா துவைப்பார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்த தெரு அது. ஆகவே அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆடாத சட்டை நனையாது. மூட்டையைப் பிரித்து, மண் படிந்தவற்றை வாளியில் போட்டுவிட்டு, மண்ணே படாததை மட்டும் தட்டி மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். "அழுக்காகாதத இன்னாத்துக்கு நனைக்கணும்?" என்பார்.

அந்த ஆண்டு வாரம் தவறாமல் மடிக்கப்பட்டது பதினான்காம் நம்பர் சட்டை. அதற்குரியவர் டோமினிக் அண்ணன்.

மழை ஓய்ந்து சீசன் பாதி தாண்டியபோது, மற்ற சட்டைகள் எல்லாம் வெளுத்து வெளுத்து மேகமூட்டமான வானத்தின் நிறத்துக்கு வந்துவிட்டன. பதினான்கு மட்டும் கஃபூர் பாய் கத்தரித்த அன்றிருந்த அடர்நீலத்திலேயே இருந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில், கேலரியின் கடைசிப் படியிலிருந்து பார்த்தாலும் அந்த நீலம் தனியாகத் தெரியும். யார் ஆடுகிறார்கள், யார் ஆடவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டோமினிக் அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. இடதுகாலில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு ஓடுவதைப் போல ஓடுவார். பயிற்சியின்போது அவரைத் தடுக்க வந்தவர்கள் புல்லில் உட்கார்ந்து சிரிப்பார்கள். ஆனால் அவர் ஆட வேண்டிய இடத்தில் செல்வம் அண்ணன் இருந்தார். செல்வம் அண்ணன் கேப்டன், எங்கள் தெரு தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மனிதர், முழங்காலில் பட்டைத் துணி சுற்றிக்கொண்டுதான் ஆடுவார். அவரை உட்காரவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. சனிக்கிழமை மாலைகளில் துவைத்த மூட்டையை எடுத்துப்போக சைக்கிளில் வருவது டோமினிக் அண்ணனின் வேலை. வரும்போது எனக்கு ஒரு கொய்யாக்காய் கொண்டுவருவார், மூட்டையை கேரியரில் கட்டிவிட்டு என்னை முன்கம்பியில் உட்காரவைத்துத் தெருமுனை வரை கூட்டிப்போய் இறக்கிவிடுவார். எனக்கு வாரம் முழுவதும் அந்த நூறு கஜம்தான்.

நகரின் மறுகோடியில், பீன்யா தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தொழிற்சாலை அணி அவரைக் கூப்பிட்டது அந்த நாட்களில்தான். முதல் ஆட்டத்திலிருந்தே இறக்குகிறோம், எங்கள் அணியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கி வந்தால் போதும் என்றார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. டோமினிக் அண்ணன் அதை எழுதிக் கொண்டுவந்து ஒருமுறை கேட்டார். அப்பா, "பாக்கலாம்ப்பா" என்று கடிதத்தை வாங்கி, துணி அட்டை போட்ட ஃபைலில் வைத்தார். அதற்குப் பிறகு இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியதெல்லாம் ஊர்தான்.

ஊர் பேசிய இடம் அந்தோணி மாமாவின் கறிக்கடை. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஆண்கள் நேராக அங்கே போய் வரிசையில் நிற்பார்கள். வரிசை நகர நகர வாதமும் நகரும். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்பேன்.

"இதே கிரவுண்டுல நடக்கக் கத்துக்கினவன், பீன்யாக்காரனுக்கு ஆடுவானாம்," என்று அந்தோணி மாமா கத்தியைக் கட்டையில் ஓங்கி இறக்குவார். "போட்டும். நாளைக்கு நம்ம கோல்லயே வந்து அடிப்பான், அப்போ நீங்க எல்லாரும் கை தட்டுங்க."

"கால் கீறது ஓடுறதுக்கா, மடக்கி ஒக்கார்றதுக்கா?" இது கஃபூர் பாய். அவர் மாமாவின் கடைக்கு வந்து நிற்பது கறிக்காக அல்ல, வாதத்துக்காக மட்டும். "என் கையால தெச்ச சட்ட அந்தோணி, இன்னும் தேய்ச்ச மடிப்புகூடக் கலையாம கீது. டெய்லருக்கு இதவிட பேஜார் உண்டா சொல்லு."

"உன் சட்டைக்காக செல்வத்த ஒக்கார வெக்கணுமா?"

"செல்வத்துக்கு முட்டி போச்சுப்பா. பந்து வந்தா மொதல்ல முட்டியக் கேட்டுத்தான் ஓடுறான்."

வரிசை சிரிக்கும். பிறகு எல்லோரும் அப்பாவைப் பார்ப்பார்கள். "செக்ரட்டரி சாப், நீங்க சொல்லுங்க." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எப்போதும் ஒன்றையேதான் சொல்வார்: "இன்னும் ஒரு சீசன். பொறுமையா இருந்தா அவன் எடம் அவனுக்கு வரும்."

எனக்கு அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. டோமினிக் அண்ணன் போய்விடக் கூடாது என்பது மட்டும் தெரியும். அவர் பெஞ்சில் உட்காரும்போது, பக்கத்தில் இருப்பவர்களின் வெளுத்த சட்டைகளைப் பார்த்துவிட்டுத் தன் சட்டையின் முன்பக்கத்தைக் கைகளால் மறைத்துக்கொள்வதைக் கவனித்திருந்தேன். அந்த நீலம்தான் அவரைத் துரத்துகிறது என்று என் ஒன்பது வயது மூளை முடிவுகட்டியது. மற்றவர்களுடையதைப் போல அதுவும் ஆகிவிட்டால் அவர் எங்கேயும் போகமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த மாலையில், அலமாரியிலிருந்து பதினான்காம் நம்பரை எடுத்தேன். குளியலறைக்காக வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை வாளியில் கொட்டி, குச்சியால் கலக்கி, சட்டையை உள்ளே அமுக்கினேன். கண் எரிந்தது. வாளித் தண்ணீர் நீலமாவதைப் பார்த்து ஒரு ஆட்டம் முடிந்தது, இரண்டு ஆட்டம் முடிந்தது என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

எடுத்து விரித்தபோதுதான் தெரிந்தது. சீராக வெளுக்கவில்லை. தோளில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு, வயிற்றில் இரண்டு, முதுகில் தேசப்படம் போல ஒன்று. மீதி இடமெல்லாம் அதே அடர்நீலம். அம்மா வந்து பார்த்துவிட்டு என் முதுகில் இரண்டு வைத்தார், பிறகு தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை சைக்கிள் மணி கேட்டதும் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொல்ல, டோமினிக் அண்ணன் சட்டையை இரண்டு கைகளாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, "அக்கா, நான் இல்லாதப்போ யாரோ இதுல நல்லா மேட்ச் ஆடிட்டாங்க போல," என்றார். அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். தூக்கிப் பிடித்த சட்டைக்குப் பின்னால் இருந்த அவர் முகத்தைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தவள் நான் மட்டும்தான். அதில் சிரிப்பு இல்லை. அன்று கொய்யாக்காயை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரணிக் கேலரி, "டேய், மாட்டுத்தோல் சட்ட!" என்று கூவியது. நம்ம கேலரியில் முதலில் சிலர் சிரித்தார்கள், அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அன்றும் அவரை இறக்கவில்லை. திரும்பி வந்ததும் அப்பா என்னை எதிரில் நிறுத்திக் கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா அப்படிப் பண்ண?"

"எல்லார் சட்டை மாதிரி இருக்கட்டும்னு, டாடி."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. ஃபைலைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். "டோமினிக் கிட்ட குடுத்துட்டு வா."

நான் ஓடினேன். மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துக்கொண்டு, வழியெல்லாம் குதித்துக்கொண்டு ஓடினேன். டோமினிக் அண்ணன் வாசலில் நின்றே பிரித்துப் படித்தார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அவருடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனபோதுதான், நான் கொண்டுவந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. அவர் என் தலையில் கைவைத்தார். "தேங்க்ஸ் பாப்பா," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சீசனில் பீன்யா அணி நம்ம மைதானத்துக்கு வந்தது. டோமினிக் அண்ணன் பந்தைத் தொடும்போதெல்லாம் அந்தோணி மாமா, "டேய் பீன்யா! வழி தெரிஞ்சி வந்தியா?" என்று கத்தினார். நம்ம தடுப்பாட்டக்காரன் ஒருவன் அவரைக் காலோடு சாய்த்துத் தள்ளியபோது, முதலில் எழுந்து நின்று நம்ம ஆளையே திட்டியவரும் அதே அந்தோணி மாமாதான். கஃபூர் பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டோமினிக் அண்ணன் கோல் எதுவும் போடவில்லை. ஆனால் தொண்ணூறு நிமிடமும் ஆடினார். ஆட்டம் முடிந்தபோது அவருடைய அரக்குச் சட்டையில் மண் படாத ஒரு விரல்கடை இடம் இல்லை. அதை யார் துவைப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அவருக்கு அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். எங்கள் கோயில் திருவிழாவுக்கு வருவதும் மெல்ல நின்றுபோனது. சனிக்கிழமை மூட்டையை எடுக்க வேறு யாரோ வந்தார்கள். யார் என்று நினைவில் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் மகன் ஜோயல் போன வாரம், அங்கே ஓர் அணிக்கு ஆடுவதற்காக, கோழிக்கோட்டுக்கு ரயில் ஏறியதுதான்.

அவனுக்குப் பதினெட்டு வயது. இந்த ஊரின் பெரிய அணி ஒன்றில் இரண்டு சீசன் இருந்தான். ஆடிய நிமிடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போகிறான் என்ற செய்தி வெளியானதும், ரசிகர்களின் வாட்ஸாப் குழுவில் வாதம் தொடங்கியது. அவன் ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை படிக்கலாமே என்று நானும் அந்தக் குழுவில் வேறு பெயரில் இருக்கிறேன். "உட்கார்ந்தே இருந்தா கால் துரு பிடிக்கும், போகட்டும் குரு," என்கிறார் ஒருவர். "வளர்த்துவிட்ட டீமுக்கு நன்றி இல்லை," என்கிறார் இன்னொருவர். கறிக்கடை வரிசையில் கேட்ட அதே இரண்டு கட்சிதான். ஆனால் அங்கே பேசியவர்களுக்கு முகம் இருந்தது, டோமினிக் அண்ணன் விழுந்தால் அவர்கள் எழுந்து நின்றார்கள். இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "பெத்தவங்க தூண்டிவிட்டிருப்பாங்க." அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பத் திறந்து படிக்கிறேன்.

ஏனென்றால் நான் தூண்டிவிடவில்லை. அவன் ஒப்பந்தத்தைக் காட்டியபோது, என் வாயிலிருந்து வந்தது என் அப்பாவின் வார்த்தைதான். "இன்னும் ஒரு சீசன்டா. பொறுமையா இரு." ஒன்பது வயதில் வாளியைக் கலக்கியவள், ஐம்பதை நெருங்கும்போது அப்படிச் சொன்னேன். ஜோயல் கோபப்படவில்லை. "எனக்காகச் சொல்றியா, உனக்காகச் சொல்றியாம்மா?" என்று கேட்டான். நான் அடுப்பை அணைக்கப் போனேன். ரயில் நிலையத்தில் அவன் பையைத் தூக்கும்போது, வழியில் சாப்பிடக் கொய்யா வாங்கித்தரட்டுமா என்று கேட்டேன். "எனக்குக் கொய்யா புடிக்காதேம்மா," என்றான். ஆமாம், அவனுக்குப் பிடிக்காது.

கறிக்கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தம். மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி. நம்ம டீம் கலைந்து வெகுகாலம் ஆகிறது. அதையெல்லாம்விட எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. இப்போது சட்டைகள் வெளுப்பதில்லை. ஜோயல் விட்டுப்போன பழைய சட்டை அவன் அலமாரியில் தொங்குகிறது. வழவழவென்ற செயற்கை நூல், நூறு முறை இயந்திரத்தில் சுழன்றாலும் நிறம் மாறாது. அதைத் தடவிப் பார்த்து அவன் எத்தனை ஞாயிறு உட்கார்ந்திருந்தான் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருவேளை கண்டுபிடிக்க முடிந்திருந்தால், அப்பாவைப் போல நானும் கொஞ்சம் முன்பே கண்ணாடியைக் கழற்றி, போய் ஆடு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

நேற்று மாலை ஜோயலிடமிருந்து ஒரு படம் வந்தது. விடுதிக் குளியலறைத் தரையில் ஒரு வெள்ளைச் சட்டை, கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை கோழிக்கோட்டுச் செம்மண். கீழே எழுதியிருந்தான்: "ஃபுல் மேட்ச்மா. இங்க நம்மளேதான் துவைக்கணுமாம். இந்த மண்ணு எப்படிப் போகும்?"

பார் சோப்பு, ஊறவைத்தல், துவைகல், அம்மாவின் கை எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. முதலில், "பிளீச்சிங் மட்டும் போடாத," என்று எழுதினேன். பிறகு நெடுநேரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு வரி எழுதினேன்.

"முழுசாப் போகாது கண்ணு. போகவும் வேணாம்."