முள்மரத்தில் கட்டிய நோய்

தோமஸ் மன்னாரில் பிறந்தவர். புலம்பெயர்ந்து ஹென்டர்சனில் குடியிருந்து மரம் வெட்டிப் பிழைப்பவர். அடிமரத்தில் விரலால் சிலுவை போடாமல் அவர் மரமறுக்கும் வாளை இயக்கியதே இல்லை.

அன்று போனது மலையடிவாரப் பண்ணை ஒன்றுக்கு. பண்ணைக்காரர் ஃபின்டன், அயர்லாந்துக் கிழவர். பிறந்த ஊரிலிருந்து அவர் ஒளித்துக் கொண்டுவந்த விதை, புல்வெளியின் நடுவே தனி முள்மரமாகி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஃபின்டன் தம் மனைவி நோராவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன நேரம் பார்த்து, வீடு கட்ட இடம் வேண்டிய மகன் ஆட்களை வரவழைத்திருந்தான்.

கிளையில் ஒரு நீலத் துணி தொங்கியது.

"அண்ணை, நேர்த்தித் துணி போலக் கிடக்கு" என்றான் கூட வந்த மகேசன்.

"ஓம். ஆரோ பிள்ளைவரம் கேட்டிருக்குதுகள். கழட்டி வீட்டுக்காரரிட்ட மரியாதையாக் குடுத்திட்டு வெட்டுவம்."

"மரம் வெட்ட வந்தனியளோ, பூசை வைக்க வந்தனியளோ?" மகேசன் சிரித்தான்.

தோமஸ் துணியை அவிழ்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் கார் வந்து நின்றது.

ஃபின்டன் இறங்கினார். துணியில்லாத கிளையைப் பார்த்தார். தோமஸின் கையைப் பார்த்தார். வேலியோரம் கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

முதல் அடியில் தோமஸின் மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது, நெற்றியைப் பிளந்தது. வெள்ளைப் பூக்களில் இரத்தம் தெறித்தது.

"என் நோராவின் புற்றுநோயை அந்தத் துணியில் கட்டி வைத்திருந்தேன்!" கிழவர் ஆங்கிலத்தில் அலறினார். "துணி மட்கினால் நோயும் மட்கும். அதற்கு முன் அவிழ்த்தால் அவளிடமே திரும்பும், இல்லையென்றால் அவிழ்த்தவனைப் பிடிக்கும். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட இது தெரியும், கொலைகாரா!"

மகேசன் கோடரியை ஓங்கினான். "கிழவா, இண்டைக்கு நீ செத்தாய்!"

"விடடா!" தோமஸ் குறுக்கே விழுந்தார். கண்ணை மறைத்த இரத்தத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு கிழவரைப் பார்த்தார். "அவிழ்த்தது நான் ஐயா. எனக்கே வரட்டும். உங்கட மனுசியிட்டப் போகவேண்டாம்." தமிழில் சொன்னதை உடைந்த ஆங்கிலத்தில் திரும்பவும் சொன்னார்.

மண்வெட்டி நழுவி விழுந்தது.

காரிலிருந்து நோரா தள்ளாடி வந்தாள். தலையில் ஒரு முடிகூட இல்லை. மண்டியிட்டு, தோமஸின் இறுகிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துணியைப் பிடுங்கினாள்.

"வேண்டாம் நோரா!" ஃபின்டன் கதறினார்.

"இது என் நோய்" என்றாள் அவள். "இன்னொருத்தி புருஷனுக்குக் கொடுக்க மாட்டேன். நீ முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு."