வால்கோட்டுக்காரர் போட்ட ஓட்டு

எல்மர் டிபெட்ஸ் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம்தான் உட்கார்ந்தார். நெப்ராஸ்காவில் பீட்ரூட் பிடுங்கிய கை. ஹாலிவுட்டுக்கு வந்து, கூட்டத்தில் நிற்கிற துணை நடிகராகி, வயிற்றைக் கட்டி, பணக்காரர் விருந்துக்குப் போடுகிற, பின்னால் வால் தொங்கும் வால்கோட்டு ஒன்றைச் சொந்தக் காசில் தைத்துக்கொண்டார். வால்கோட்டு உள்ளவனுக்கு விருந்துக் காட்சி. இல்லாதவனுக்குச் சேற்றில் ஓடும் சிப்பாய் வேஷம். யார் தயவும் இல்லாமல் இருபது வருடம் கேமரா முன்னால் பணக்காரராக நின்றவர் அவர். மதுக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு சத்தமில்லாமல் வாயசைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் குரல் ஒரு படத்திலும் ஏறவில்லை. மனிதருக்கு அது ஒன்றுதான் குறை.

அந்தக் காலத்தில் ஆஸ்கர் என்கிற அகாடமி விருதுக்குத் துணை நடிகர்களும் ஓட்டுப் போடலாம். நட்சத்திரங்கள் கொஞ்சம், இவர்கள் ஆயிரக்கணக்கில். அதனால் வருடம் முழுக்க இவர்களை நாற்காலிபோலத் தாண்டிப்போன பெரிய மனிதர்களுக்கு, ஜனவரி பிறந்ததும் திடீரென்று கண் தெரியும்.

டெஸ்மண்ட் கேரோவுக்கும் தெரிந்தது. அழுகைக் காட்சிக்கு வெங்காயம் கேட்கிற கதாநாயகர். சிறந்த நடிகர் போட்டியில் பெயர் இருந்தது. ஒரு பெட்டி டோனட்டோடு வந்து எல்மர் தோளில் கைபோட்டார்.

"எல்மர் அண்ணே! வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"வீட்டுல நான் மட்டும்தாங்க."

"அதான், அந்த நீங்க சௌக்கியமான்னு கேட்டேன். உங்க ஆளுங்க நீங்க சொன்னா கேப்பாங்களாமே? பார்த்துச் செய்யுங்க. அடுத்த படத்துல உங்களுக்கு ஒரு வசனம். என் வாக்கு."

எல்மர் உருகிப்போனார். சாப்பாட்டு வரிசையில் ஒவ்வொருவரையும் பிடித்து ஓட்டுக் கேட்டார். விருந்துக் காட்சிகளில் அவரோடு ஜோடியாக நிற்கும் மேபல் மட்டும் சிரித்தாள்.

"அந்த ஆளுக்கு அவரு வசனமே ஞாபகம் இருக்காது. உங்க வசனமா ஞாபகம் இருக்கப்போவுது?"

கேரோ ஜெயித்தார். ஹோட்டல் விருந்தில் தங்கமுலாம் பொம்மையை அணைத்துக்கொண்டு முதலாளிக்கு நன்றி சொன்னார், அம்மாவுக்குச் சொன்னார், பல் டாக்டருக்கும் சொன்னார். மறுநாள் பத்திரிகையில் எல்மர் தேடிப் பார்த்தார். ஓட்டுப் போட்டவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடுத்த படத்தில் நடனக் காட்சி. "வண்டி வந்துடுச்சு பிரபு" என்பதுதான் வசனம். குளியலறையில் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கோட்டை இஸ்திரி போட்டு வந்தார் எல்மர். வசனம் கேரோவின் மச்சானிடம் இருந்தது.

"சார், அந்த வசனம்…"

கேரோ உதவி டைரக்டரிடம் திரும்பினார். "யாருய்யா இந்த ஆளு? கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க."

எல்மர் தள்ளி நின்றார். கிண்ணத்தை ஏந்தினார். சத்தமில்லாமல் வாயசைத்தார். அன்று அவர் வாய் என்ன சொன்னது என்று மேபலுக்கு மட்டும் புரிந்தது. அவளுக்கே முகம் சிவந்துவிட்டது.

மறு ஜனவரி. கேரோ பெயர் மறுபடியும் போட்டியில். டோனட் பெட்டியும் மறுபடியும்.

"எல்மர் அண்ணே! ஆளையே காணோமே?"

எல்மர் ஒரு டோனட்டை எடுத்து, நிதானமாகத் தின்று, விரலில் ஒட்டிய சர்க்கரையையும் நக்கினார்.

"போன வருஷம் 'யாருய்யா இந்த ஆளு'ன்னு கேட்டீங்க. வேலை நேரத்துல எங்களுக்குப் பேச்சு கிடையாது, அதான் பதில் சொல்லல. ஓட்டு வெச்சிருக்கற ஆளு, சார்." கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்கப்பா! சார் ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு."

பெட்டி காலியானது. பொம்மை வேறொருவருக்குப் போனது. ஈடிணையற்ற நடிப்பு என்று பத்திரிகைகள் எழுதின. எல்மர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அந்த நடிகர் எப்போதோ ஒருநாள் எல்மரின் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தார். ஓட்டுப் போட அது போதும்.