முட்டை அட்டை ஒட்டிய வானொலி அறை

பொம்மனஹள்ளிக் கடையில் வாங்கிவந்த முட்டை அட்டையின் ஈர வாசனை, என் பத்து வயதில் ஈஜிபுராவில் ஒரு தையல்கடை மாடியில் தொடங்கிய எங்கள் வட்டார வானொலிக்கு என்னைக் கொண்டுபோனது. எதிரொலி அடங்க, வீடுவீடாய்ச் சேர்த்த அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி, இரைச்சல் கேட்குமென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்த்தபடியே, அதை நடத்திய ஸ்டெல்லா அக்கா தமிழிலும் கன்னடத்திலும் மாறிமாறிப் பேசுவார். எந்தத் தெருவுக்கு இன்று தண்ணீர் வரும் என்று வாசிக்கும் வேலையை, திக்கிப் பேசும் எனக்குத்தான் கொடுத்தார். ஒருநாள் நேரலையில் தெருப்பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அக்கா காகிதத்தைப் பிடுங்கவில்லை, பாட்டும் போடவில்லை.

"குடத்தோட நிக்கிறவங்க இன்னும் கொஞ்சம் நிப்பாங்க, நீ மெதுவா சொல்லும்மா" என்று மைக்கிலேயே சிரித்தார். பெயர் வந்தது.

என் நான்கு வயது மகனும் திக்குகிறான். அவன் சொல்லை நானே முடித்துக் கெடுக்கிறேனோ என்று தினமும் பயம். இப்போது அட்டையைக் காட்டி, "மு... மு..." என்கிறான்.

உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், குடத்தோடு நிற்பவளைப்போல.